விசில் கைமாறும் போது

(கூடைப்பந்துக் குழு மாணவியர்)

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாள், காலை வழிபாடு முடிந்ததும் நாங்கள் ஓடியது வகுப்பறைக்கு அல்ல, விளையாட்டுப் பொருள்கள் வைக்கும் அறைக்கு. அங்கே ஆணியில் எப்போதும் தொங்கும் விசில் இல்லை. பந்துகள் இருந்தன, வலை இருந்தது, சுண்ணாம்புத் தூள் டின் இருந்தது. விசிலோடு எங்கள் பி.டி. டீச்சரும் போய்விட்டார்கள். அவர்களுக்கு இதே மாவட்டத்தில் வேறோர் ஊரின் பள்ளிக்கு மாற்றல் வந்திருந்தது. மே மாத விடுமுறையில் நாங்கள் ஆளுக்கோர் ஊரில் இருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. வழியனுப்பு விழாகூட நடத்த முடியவில்லை.

ரெட்டிபாளையத்தை அறிந்தவர்களுக்கு எங்கள் ஆட்டக்களத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகும் சாலையின் தூசி காற்றோடு வந்து சிமெண்டுத் தளத்தில் வெள்ளையாகப் படியும். அதைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் தினமும் ஆட வேண்டும். அந்தக் களத்தில்தான் டீச்சர் எங்களுக்குப் பந்தைப் பிடிக்கவும் எறியவும் சொல்லித் தந்தார்கள். "பந்தை மூணு தடவை தட்டு, மூச்சை விடு, அப்புறம் எறி" என்பது அவர்களுடைய பாடம். தனி எறி எறியும்போது அது மந்திரம் போல எங்கள் வாயில் வரும்.

டீச்சர் இல்லாத குழுவில் இனி ஆடமாட்டோம் என்று எங்களில் இருவர் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் வாயால் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். இது தலைமையாசிரியை சிஸ்டரின் காதுக்குப் போயிற்று. சிஸ்டர் எங்களை அழைத்துத் திட்டவில்லை. தம் அறை மூலையில் இருந்த பழைய தகரப் பெட்டியைக் காட்டினார்கள்.

"இந்தப் பெட்டியோட நான் ஏறி இறங்கின ஊர் ஏழு. ஒவ்வொரு ஊரை விட்டுப் போகும்போதும் அழுதிருக்கேன். அடுத்த ஊர்ல மறுபடி சிரிச்சிருக்கேன். உங்க டீச்சர் மாதிரி ஊர் மாறினவங்க உலகத்துல எத்தனை பேர் இருக்காங்கன்னு தேடிப் பாருங்கம்மா. பார்த்துட்டு ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்க" என்றார்கள்.

அப்படித் தேடிப் படித்து, எங்களுக்குள் பேசி, சேர்ந்து எழுதியதே இக்கட்டுரை.

ஊர் ஊராக வந்த ஆட்டம்

தேடத் தொடங்கியதும் முதலில் தெரிந்தது ஒரு வேடிக்கையான உண்மை. ஆசிரியர்கள் ஊர் மாறாமல் இருந்திருந்தால் கூடைப்பந்து என்ற ஆட்டமே நமக்கு வந்திருக்காது!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 1891 டிசம்பரில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, பழம் வைக்கும் இரண்டு கூடைகளை உயரத்தில் மாட்டி, ஒரு கால்பந்தைக் கொடுத்து, 13 விதிகளை எழுதிக் கொடுத்தார். அவரும் பின்னர் ஊர் மாறியவரே. 1898-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே கூடைப்பந்து அணிக்கு முதல் பயிற்சியாளர் ஆனார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரின் அணி அங்கே 55 ஆட்டங்களில் வென்று 60-ல் தோற்றது. தோற்றுவிட்டு வரும் நாள்களில் நினைத்துக்கொள்ள இது நமக்கு நல்ல செய்தி அல்லவா?

பெண்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் செண்டா பெரன்சன். லித்துவேனியாவில் 1868-ல் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர். இளமையில் உடல் நலம் குன்றியிருந்த அவர் உடற்பயிற்சியால் தேறி, அதையே தம் தொழிலாக்கிக்கொண்டார். நார்த்தாம்டன் நகரிலுள்ள ஸ்மித் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தபோது, நெய்ஸ்மித்தின் ஆட்டத்தை அறிந்து 1892-ல் தம் மாணவியருக்குக் கற்பித்தார். 1893 மார்ச்சில் நடந்த வகுப்புகளுக்கிடையேயான போட்டியைக் காண ஆண்கள் எவரும் உள்ளே விடப்படவில்லை. களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதிக்குள்ளேயே ஆட வேண்டும் என்றும், பிறர் கையிலுள்ள பந்தைப் பிடுங்கக் கூடாது என்றும் அவர் விதி வைத்தார். பெண்கள் களைத்து விழுந்துவிடுவார்கள் என்று அக்காலத்தில் பலரும் அஞ்சினார்கள். களம் முழுவதும் ஓடும் ஐவர் ஆட்டம் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு முறையான ஆட்டமானது 1971-ல்தான்.

'பெண்கள் கூடைப்பந்தின் தாய்' என்று போற்றப்படும் பெரன்சனும் 1911-ல் ஸ்மித் கல்லூரியை விட்டு, மேரி பர்ன்ஹாம் பள்ளி என்ற பெண்கள் பள்ளிக்கு உடற்கல்வித் துறைத் தலைவியாகப் போனார். புகழ்பெற்ற கல்லூரியிலிருந்து ஒரு பள்ளிக்கு! அங்கே 1921 வரை பணியாற்றினார். அவர் போன பிறகும் ஸ்மித்தில் ஆட்டம் நிற்கவில்லை. அவர் வகுத்த விதிகளைக் கொண்டு நாடெங்கும் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நம் சென்னைக்கும் இது ஓர் ஆசிரியரின் பயணத்தோடு தொடர்புடையதே. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் கடல் கடந்து வந்து, 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதே அதன் வேலை. அங்கே பயின்றவர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கன்னியர் கல்லூரியின் கதை

எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன கதை பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்தது. பிலடெல்பியா நகருக்கு அருகே இம்மாகுலாட்டா என்றொரு கல்லூரி உண்டு. அப்பெயருக்கு அமலோற்பவம் என்பது பொருள். மரியாயின் மாசற்ற இருதய சபைக் கன்னியர் 1920-ல் பெண்களுக்காகத் தொடங்கியது அது. 1970-ல் அங்கே கூடைப்பந்துக் குழுவுக்குப் பயிற்சியளிக்க கேத்தி ரஷ் என்ற இளம்பெண் வந்து சேர்ந்தார். வயது இருபத்து மூன்று. சம்பளம் மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு 450 டாலர்!

அவர் வந்தபோது கல்லூரியில் ஆட்டக்கூடமே இல்லை. இருந்த கூடம் 1967-ல் தீயில் எரிந்துபோயிருந்தது. அருகிலிருந்த கன்னியர் மடத்தின் சிறிய கூடத்தில் பயிற்சி நடந்தது. கேத்தி ரஷ்ஷின் கணவர் ஆண்களின் தொழில்முறை ஆட்டங்களில் நடுவராக இருந்தவர். அந்த ஆட்டங்களில் கண்ட நுட்பங்களை, எதிரியின் வழியை மறித்து நின்று தோழிக்கு இடம் உண்டாக்கித் தருவது போன்றவற்றை, ரஷ் தம் மாணவியருக்குக் கற்பித்தார். பெண்கள் அணிகளில் அப்போது அது புதுமை.

1972 மார்ச்சில் கல்லூரிப் பெண்களுக்கான முதல் தேசியப் போட்டி இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. அதற்குச் சற்று முன்புதான் இம்மாகுலாட்டா அணி, வெஸ்ட் செஸ்டர் கல்லூரியிடம் 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தது. போகவும் பணம் இல்லை. மாணவியர் பல் துலக்கும் பிரஷ்களை விற்றுக் காசு சேர்த்தார்கள். சேர்ந்த பணம் எட்டு ஆட்டக்காரிகளுக்கே போதுமானதாக இருந்தது. மற்றவர்கள் ஊரிலேயே நின்றார்கள். விமானத்தில் காலி இடம் கிடைத்தால் ஏறலாம் என்ற டிக்கெட்டில் போனார்கள். 16 அணிகளில் அவர்களுக்குத் தரப்பட்ட வரிசை 15. அந்த எட்டுப் பேர் இறுதி ஆட்டத்தில், தங்களை 32 புள்ளியில் தோற்கடித்த அதே வெஸ்ட் செஸ்டர் அணியை 52-48 என்று வென்று திரும்பினார்கள்.

1973-லும் 1974-லும் மீண்டும் அவர்களே வென்றார்கள். கல்லூரிக் கன்னியர் அங்கி அணிந்தபடியே ஆட்டம் காண வருவார்கள். ஒரு மாணவியின் தந்தை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் கொண்டுவந்து கொடுத்த வாளிகளைக் கம்பால் தட்டிச் சிஸ்டர்கள் எழுப்பிய ஓசையில் எதிரணியினர் நடுங்கினார்களாம்! இந்த இடத்தைப் படித்துக் காட்டியபோது நம் சிஸ்டர்களும் சிரித்தார்கள். நம் பள்ளியிலும் வாளிகள் உண்டு என்பதை இங்கே பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

ஏழு ஆண்டுகளில் 149 வெற்றி, 15 தோல்வி. இந்தக் கணக்கோடு கேத்தி ரஷ் 1977-ல் இம்மாகுலாட்டாவை விட்டு விலகினார். அதன் பின் அக்கல்லூரி தேசிய வாகையை வெல்லவில்லை. அவர் விலகியது மட்டும் இதற்குக் காரணம் அன்று. 1972 ஜூனில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. 'தலைப்பு 9' என்று அதைக் குறிப்பிடுவார்கள். அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்ற வேறுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அதனால் பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் விளையாட்டுக்குப் பணம் ஒதுக்கவும், ஆட்டக்காரிகளுக்கு உதவித்தொகை கொடுக்கவும் தொடங்கின. பெண்களுக்கு அது பெரும் நன்மை. ஆனால் பிரஷ் விற்று விமானம் ஏறிய சிறிய கல்லூரியால் அவற்றோடு போட்டியிட முடியவில்லை. ஒரு நன்மை வரும்போது இன்னோரிடத்தில் ஓர் இழப்பும் வருவது உண்டு.

மாணவியர் பயிற்சியாளர் ஆனார்கள்

அப்படியானால் கேத்தி ரஷ் செய்தது வீணா? எங்களுக்குப் பதில் கிடைத்த இடம் இதுதான். 1972-ல் விமானம் ஏறிய எட்டுப் பேரில் ஒருவர் தெரசா ஷாங்க். மூன்று வாகைகளையும் வென்று 1974-ல் பட்டம் பெற்ற அவர், பிலடெல்பியாவில் இயேசு சபையினர் நடத்தும் புனித சூசையப்பர் கல்லூரியில் உடனே பயிற்சியாளர் ஆனார். திருமணத்துக்குப் பின் தெரசா கிரெண்ட்ஸ் என்று அறியப்பட்டார். 1976-ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. வேறு வேலையோடு சேர்த்துப் பார்க்காமல், இதையே முழுநேர வேலையாகப் பார்த்த முதல் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் என்று அமெரிக்காவில் அவரைக் குறிப்பிடுகிறார்கள். அவரது ரட்கர்ஸ் அணி 1982-ல் தேசிய வாகை வென்றது. 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணிக்கு அவரே பயிற்சியாளர். அணி வெண்கலம் பெற்றது.

1995-ல் அவர் 19 ஆண்டுகள் இருந்த ரட்கர்ஸை விட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். தேசிய அளவில் கேத்தி ரஷ் முதல் வெற்றி கண்ட அதே மாநிலம். 2022-ல் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் தெரசாவின் பெயர் சேர்ந்தது. அதே ஆண்டில் இன்னொரு பெயரும் சேர்ந்தது: மரியான் கிராஃபோர்டு ஸ்டான்லி. அவரும் இம்மாகுலாட்டாவில் ரஷ்ஷிடம் பயின்றவரே. ஓல்டு டொமினியன் பல்கலைக்கழக அணியை 1979, 1980, 1985 ஆகிய ஆண்டுகளில் வாகை சூட வைத்தவர்.

ஆகவே இம்மாகுலாட்டாவின் சிறிய கூடத்தில் கற்றது அங்கேயே அடைபட்டுக் கிடக்கவில்லை. கற்றவர்கள் அதைக் கையோடு கொண்டுபோய் வேறு மாநிலங்களின் பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு பயிற்சியாளர் எத்தனை கோப்பை வென்றார் என்று எண்ணுவது எளிது. அவரிடம் கற்றவர்களிடம் எத்தனை பேர் கற்றார்கள் என்று எண்ணவே முடியாது.

ஏன் போகிறார்கள்?

எங்களுக்குள் ஒரு கோபம் இருந்தது. நம்மை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு நம்மேல் அன்பு இல்லையோ என்ற கோபம். இக்கட்டுரைக்காகப் படித்தபோது அது மெல்லக் கரைந்தது. போகிறவர்களுக்கும் காரணங்கள் உண்டு, அவற்றில் பல நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

விவியன் ஸ்டிரிங்கர் என்பவரின் வாழ்க்கையைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போகும் அப்பாக்களைப் பெற்ற எங்களுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. 1971-ல் செய்னி என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்துகொண்டே, தனி ஊதியம் இல்லாமல் பெண்கள் அணிக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். 1981-ல் அவருடைய கைக்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் கண்டு, வாழ்நாள் முழுவதும் தொடரும் குறைபாடு ஏற்பட்டது. அந்தப் பருவத்திலேயே, 1982-ல், புதிதாகத் தொடங்கிய தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை தம் அணியைக் கொண்டுபோனார். அங்கே லூசியானா டெக் அணியிடம் 76-62 என்று தோற்றார்கள்.

1983-ல் அவர் அயோவா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1985 பிப்ரவரியில் அங்கே நடந்த ஓர் ஆட்டத்தைக் காண 22,157 பேர் வந்தார்கள். பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்களுக்கு அந்தக் கூட்டமே பதில். 1992 நவம்பரில் அவர் கணவர் மாரடைப்பால் திடீரென மறைந்தார். அந்தத் துயரத்தோடே அயோவா அணியை 1993-ல் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக்கினார். 1995-ல் அயோவாவை விட்டு ரட்கர்ஸுக்கு மாறினார்.

ஆம், தெரசா கிரெண்ட்ஸ் விட்டுப்போன அதே ரட்கர்ஸ்! அங்கிருந்த மாணவியரும் எங்களைப் போலவே விசில் இல்லாத ஆணியைப் பார்த்திருப்பார்கள். அந்த இடத்துக்கு வந்தவர் ஸ்டிரிங்கர். 2000-லும் 2007-லும் ரட்கர்ஸ் கடைசி நான்கில் ஒன்றானது. மூன்று வெவ்வேறு கல்லூரிகளின் அணிகளைக் கடைசி நான்கு வரை கொண்டுசென்ற முதல் பயிற்சியாளர் அவர். ஆண்கள் அணிகளின் பயிற்சியாளர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். 1,055 வெற்றிகளோடு 2022-ல் ஓய்வு பெற்றார்.

மரியான் ஸ்டான்லி விலகியதோ வேறு காரணத்தால். அவர் 1993-ல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அங்கே ஆண்கள் அணியின் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தையே தமக்கும் கேட்டார். உடன்பாடு ஏற்படவில்லை, வேலை போயிற்று. நீதிமன்றம் போனார், அங்கும் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்டார் என்பதை அதன் பின் வந்த பெண் பயிற்சியாளர்கள் மறக்கவில்லை.

சம்பளத்தைப் பற்றி இன்னொன்று. 1972-ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். வேலைக்கு நல்ல சம்பளம் வந்த பிறகு ஆண்களும் விண்ணப்பித்தார்கள். பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே குறைந்தது. நம்மில் சிலராவது பிற்காலத்தில் விசிலைக் கையில் எடுக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போவது என்ன? நிற்பது என்ன?

பயிற்சியாளர் மாறும்போது உண்மையில் என்னதான் மாறுகிறது? படித்ததையும் எங்கள் அனுபவத்தையும் சேர்த்து எங்களுக்குப் புரிந்ததைச் சொல்கிறோம்.

முதலில் மாறுவது ஆட்டமுறை. ஒருவர் வேகமாக ஓடி ஆடச் சொல்வார். இன்னொருவர் பந்தை நிதானமாகக் கைமாற்றச் சொல்வார். ஸ்டிரிங்கர் தடுப்பாட்டத்தில் பேர்பெற்றவர். எதிரணியினர் பந்தை எடுத்த உடனே களம் முழுவதும் நெருக்கிப் பிடிக்கச் சொல்வார். பழகிய முறையை விட்டுப் புதிய முறைக்கு வரும்போது தொடக்கத்தில் தவறுகள் கூடும். அதைக் கண்டு, வந்தவர் சரியில்லை என்று முடிவு கட்டுவது அவசரம்.

இரண்டாவதாக மாறுவது அவரவர் இடம். பழைய டீச்சருக்கு யார் எதில் கெட்டி என்று தெரியும். புதியவருக்குத் தெரியாது. முன்பு எப்போதும் ஆடியவள் ஓரத்தில் உட்காரலாம். ஓரத்தில் இருந்தவளுக்கு வாய்ப்பு வரலாம். ஒருத்திக்கு வருத்தம் தருவது இன்னொருத்திக்கு வாசல் திறப்பதாகவும் அமையும்.

மாறாமல் நிற்பது கையின் பழக்கம். பந்தைப் பிடிக்கும் விரல்கள், மடக்கும் முழங்கால், தோழி இருக்கும் இடத்தைத் தேடும் கண் ஆகியவை நம்மோடுதான் இருக்கின்றன. எந்த மாற்றல் உத்தரவாலும் அவற்றை எடுத்துக்கொண்டு போக முடியாது.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றைச் சொல்லலாம். 1982 இறுதி ஆட்டத்தில் ஸ்டிரிங்கரின் செய்னி அணியை வென்ற லூசியானா டெக் அணியில் கிம் மல்கி என்றொரு மாணவி ஆடினார். பிற்காலத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 21 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்து மூன்று தேசிய வாகைகள் வென்றார். 2021-ல் அதை விட்டு, தம் சொந்த மாநிலத்தின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் அந்த அணி 9 ஆட்டங்களில் வென்று 13-ல் தோற்றிருந்தது. அவர் வந்த முதல் பருவத்தில் 26 வெற்றி, 6 தோல்வி. இரண்டாம் பருவத்தில், 2023-ல், தேசிய வாகை! விரைவில் இவ்வளவு உயர்ந்ததற்குப் புதிதாக வந்து சேர்ந்த ஆட்டக்காரிகளும் காரணம். அங்கே இப்போது மாணவியரும் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்கு எளிதாக மாறலாம். முன்பெல்லாம் அப்படி மாறினால் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டியிருந்தது. ஒரு கல்லூரி மகிழ்ந்தபோது பெய்லர் மாணவியர் எவ்வளவு வருந்தியிருப்பார்கள் என்பதையும் நாங்கள் நினைத்துப் பார்த்தோம்.

நம் நாட்டிலும் இப்படி வந்து போனவர்கள் உண்டு. 2011-ல் பீட் காடெட் என்ற அமெரிக்கர் இந்தியப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். அதற்கு முன் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். சில ஆண்டுகள் கழித்துச் செர்பியாவைச் சேர்ந்த ஜோரான் விசிச் வந்தார். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் கசகஸ்தானை 75-73 என்று வென்றார்கள். அந்த அணியில் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இருந்தார். பத்தொன்பது வயதிலேயே இந்திய அணிக்குத் தலைவியானவர். குழந்தை பெற்ற பிறகும் களத்துக்குத் திரும்பி வந்து ஆடியவர். 2021-ல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார். அவர் ஆடிய காலத்தில் பயிற்சியாளர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவரிடமும் கற்றதை வைத்துக்கொண்டு அவர் ஆடிக்கொண்டே இருந்தார்.

எங்கள் களத்தில்

ஜூலை மாதம் எங்களுக்குப் புதிய பி.டி. டீச்சர் வந்தார்கள். முதல் நாளே "எல்லாரும் இடது கையால மட்டும் பந்தைத் தட்டுங்க" என்றார்கள். எங்களுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பழைய டீச்சர் இப்படிச் சொன்னதே இல்லை என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். புதிய டீச்சர் கோபிக்கவில்லை. "அவங்க உங்க வலது கையை நல்லா பண்ணிட்டுப் போயிருக்காங்க. அதனாலதான் நான் இடது கைக்கு வர முடியுது" என்றார்கள். அன்று மாலை, இனி ஆடமாட்டோம் என்ற இருவரும் களத்துக்கு வந்துவிட்டார்கள்.

மாவட்டப் போட்டியில் எங்களை எதிர்த்து வந்தது யார் தெரியுமா? பழைய டீச்சரின் புதிய பள்ளி! எதிர்ப்பக்கத்து பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார்கள், கழுத்தில் அதே விசில். எங்களுக்குக் கை நடுங்கியது. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் அவர்கள் அணியில் ஒருத்திக்குத் தனி எறி கிடைத்தது. அவள் பந்தை மூன்று முறை தட்டினாள், மூச்சை விட்டாள், பிறகு எறிந்தாள். எங்களில் நால்வர் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முன்பின் தெரியாத அந்தப் பெண் அந்தக் கணத்தில் எங்களுக்குத் தங்கை போலத் தோன்றினாள்.

நாங்கள் இரண்டே புள்ளியில் தோற்றோம். ஆனால் எங்கள் புள்ளிகளில் மூன்று கூடைகள் இடது கையால் போட்டவை. ஆட்டம் முடிந்ததும் பழைய டீச்சர் களத்தைக் கடந்து எங்களிடம் வந்தார்கள். அழுவார்கள் என்று எதிர்பார்த்தோம்.

"இடது கை எப்போடி வந்துச்சு உங்களுக்கு?" என்றார்கள்.

எங்கள் புதிய டீச்சரைக் காட்டினோம். இரண்டு டீச்சர்களும் நின்று நெடுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் புதிய டீச்சர், "உங்க டீச்சர் ஒண்ணு சொல்லியிருக்காங்க. தனி எறியில உங்கள்ல ரெண்டு பேரு முழங்காலை மடக்கவே மறந்துட்டீங்களாம். நாளைக்கு அதுல ஆரம்பிக்கலாம்" என்றார்கள்.

பெற்றோருக்கும் இதை வாசிக்கும் தங்கையருக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். ஆசிரியை ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அழலாம், தவறில்லை. ஆனால் அவர் கற்பித்ததை அவரோடு சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். அது நம்முடையது. வருகிறவர் அதன்மேல்தான் அடுத்ததைக் கட்ட வேண்டும்.

சென்றவருக்கு எங்கள் நன்றி. வந்தவருக்கு எங்கள் வணக்கம். எங்களை எழுத வைத்த சிஸ்டருக்கும், அவர்களுடைய தகரப் பெட்டிக்கும் எங்கள் அன்பு. அந்தப் பெட்டி எட்டாவது ஊருக்குப் போகும் நாள் தாமதமாகவே வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். ஆணியில் இப்போது புதிய விசில் தொங்குகிறது.